மேனேஜருக்கு மட்டும் தெரிந்த வெளிச்சம்

ஏலக்காய் எஸ்டேட் ஸ்டோரில் மூட்டை மூட்டையாகச் சரக்கு காணாமல் போனது. "கொள்ளிவாய்ப் பிசாசு தூக்கிட்டுப் போகுதும்மா, என் கண்ணால பார்த்தேன்" என்று சாதித்தார் மேனேஜர் சுந்தரவதனம். முதலாளியம்மா நம்பவில்லை. உடனே மேனேஜர் காவல்காரி ஒச்சம்மா பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு அந்தப் பேயைக் காட்டு. இல்லேன்னா மூட்டைக்கெல்லாம் நீதான் பொறுப்பு. நீ குடியிருக்கிற எஸ்டேட் லைன் வீட்டைக் காலி பண்ணு!"

"காட்டிட்டாப் போச்சுங்கய்யா."

மேனேஜரிடம் இருட்டில் பார்க்கும் நைட் விஷன் பைனாகுலர் இருந்தது. அதோடு வந்த டார்ச்சுக்கு ஒரு கறுப்பு ஃபில்டரும் உண்டு. அதை மாட்டினால் வெளிச்சமே வரவில்லை என்று அவர் ஃபில்டரைக் குப்பையில் வீசிவிட்டார். ஒச்சம்மா அதை எடுத்து அந்த டார்ச்சில் மாட்டி, பைனாகுலரைத் துடைக்கிற சாக்கில் பார்த்தாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, பைனாகுலரில் பட்டப்பகலாகக் காய்ந்தது.

ராத்திரி மூடுபனி இறங்கியது. மேனேஜர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். ஏலச்செடிகளுக்கு நடுவே பச்சை நெருப்பொன்று ஆடி ஆடி வந்தது. பைனாகுலரை இறக்கினார், கும்மிருட்டு. மறுபடி வைத்தார், நெருப்பு பக்கத்தில் வந்திருந்தது.

"அம்மா, தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியலையே!" என்றார், பக்கத்தில் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியம்மா.

மேனேஜரின் முழங்காலில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

"ஐயோ, நிஜமாவே வந்துடுச்சே! பேய்னு நான் சும்மா கட்டிவிட்டேம்மா!"

இருட்டிலிருந்து வந்த ஒச்சம்மா குனிந்து, தன் நாயின் கழுத்தில் கட்டியிருந்த அந்த டார்ச்சை அவிழ்த்தாள்.

"அப்போ மூட்டையைத் தூக்கினது யாருங்கய்யா?"