நாலு தையலுக்கு மட்டும்

ஒரு பனியன் கம்பெனியின் சோதனை மேசையில் ஃபால்ட் என்றோர் ஆங்கிலச் சொல் குடியிருந்தது. நகத்தளவு சிவப்பு ஸ்டிக்கர்தான் அதன் வீடு. துணியில் எங்கே குறையோ அங்கே போய் ஒட்டிக்கொண்டு, தன் அம்புக்குறியை நீட்டுவது அதன் வேலை.

எந்தச் சட்டைக்கும் அதைப் பிடிக்காது. "அது ஒட்டினா மானம் போச்சுங்க" என்று ஒதுங்கும்.

அன்று கப்பலுக்குப் போகும் கடைசிப் பெட்டியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்காக ஒரு நீலச் சட்டை காத்திருந்தது. அதன் அக்குளில் நாலு தையல் விட்டுப்போயிருந்தது. ஃபால்ட் நேராக அங்கே போய் ஒட்டியது.

"ஏனுங்க, நான் கெட்டுப்போனவன்னு ஊருக்கே சொல்றீங்களா?" என்று சட்டை கொதித்தது.

"அப்படி எப்பப்பா சொன்னேன்? நாலு தையல் விட்டுப்போச்சு. தையல் மேசைக்குப் போனா..."

சட்டை முழுதாகக் கேட்கவில்லை. உடம்பை ஓர் உதறு உதறியது. ஸ்டிக்கர் கீழே விழுந்து தள்ளுவண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது. சட்டையோ ஒன்றும் அறியாததுபோல் அதே வண்டியில் ஏறிக்கொண்டது.

வண்டி போய் நின்ற பெட்டி மேசையில் ரிஜெக்ட் என்ற இன்னோர் ஆங்கிலச் சொல் உட்கார்ந்திருந்தது. அதன் வீடு தடித்த ரப்பர் முத்திரை. சட்டையில் நூல் தொங்குவதைப் பார்த்ததும் அதன் வாயில் மை ஊறியது.

"எங்கே ஓட்டை, எத்தனை ஓட்டைன்னு யார் தேடறது? நெஞ்சிலேயே ஒண்ணு குத்தறேன். பழந்துணி மூட்டைக்குப் போ!"

சட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சை மூடிக்கொண்டது.

"குத்தாதீங்க!"

சக்கரத்தோடு சுற்றிச் சுற்றித் தலைகிறுகிறுத்த ஃபால்ட், தூசியும் பாதிப் பசையுமாக மேலே ஏறி வந்தது.

"வாய்யா! நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிதானே? சாட்சி சொல்லு" என்றது ரிஜெக்ட்.

"இல்லீங்க. நீங்க சட்டையையே வேண்டாங்கறீங்க. நான் நாலு தையலைச் சொல்றேன்." ஃபால்ட் அக்குளில் ஒட்டி அம்பை நீட்டியது. "இங்கிருந்து இதுவரைக்கும்தான். காலர் சரி, பட்டன் சரி, கை சரி. புரட்டிப் பாருங்க."

ரிஜெக்ட் புரட்டியது. உள்ளும் புறமும் தேடியது. வேறெங்கும் ஒரு பிசிறுகூட இல்லை.

"அஞ்சு நிமிஷம். அதுக்குமேல பெட்டி நிக்காது" என்று முறுமுறுத்தது.

சட்டை தையல் மேசைக்குப் பறந்தது. இந்த முறை அது உதறவில்லை. "அண்ணே, அசையாம நிக்கறேன். அம்பை நல்லா நீட்டுங்க!"

"இடம் தெரிஞ்சா எனக்கென்ன நேரமாகும்? தேடறதுலதான் நாளே போகும்" என்று சிரித்தது ஊசி. டக், டக், டக், டக். ஓட்டை மூடிக்கொண்டது. ஃபால்ட் தானாக உரிந்து தன் மேசைக்குத் திரும்பியது.

நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் கடைசி இடத்தில் போய் அமர்ந்தது. பெட்டி மூடியது. லாரி ஹாரன் அடித்துக் கிளம்பியது.

நாளைய பெட்டிக்காக வரிசையில் நின்ற சட்டைகள் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று கையைத் தூக்கியது.

"ஃபால்ட் அண்ணே, முதல்ல எங்கிட்ட வாங்க! எனக்குக் காலருக்குக் கீழே என்னமோ உறுத்துது!"