முகம் மூடும் நீலப்பூ

குருவிடம் கேள்வியோடு போக வேண்டும் என்பார்கள். தணிகாசலம் அன்று காலை கோபத்தோடு போனார்.

இமயமலையில், இதற்கு மேல் மரம் வளராது என்கிற உயரத்தில், தமிழர்கள் பத்துப் பேர் தங்கியிருந்த சின்ன ஆசிரமம் அது. குரு பூரணி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து நான்கு. வேலூர்ப் பக்கம் தோட்டக்கலை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடச் சின்னவளைப் போய் அம்மா என்று கும்பிடுகிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

அம்மா முற்றத்தில் கம்பளி உதறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க."

"எதுக்குங்க?"

"அந்தப் பூவுக்கு!"

அந்தப் பூவுக்குத் தமிழில் பெயர் கிடையாது. ஜென்ஷியன் என்பார் தணிகாசலம். உச்சியில் பாறை இடுக்கில் முளைக்கும், விரல் உயரம்கூட இல்லாத செடி. பூ மட்டும் அப்படியொரு நீலம். தோட்டத்தில் வைத்தால் பிழைக்காது என்று எல்லாரும் சொன்னதால், வைத்தே தீருவேன் என்று இறங்கினார். ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

"எரு போட்டேனா? போடல. போட்டா செத்துடும். ஓடைச் சரளையும் மணலும் கலந்து, தண்ணி நிக்காம மேடு கட்டினேன். விதை தூசி மாதிரி இருக்கும், மேல மண்ணு தூவல, அதுக்கு வெளிச்சம் வேணும். குளிர் படாம முளைக்காதுன்னு ஐப்பசியிலயே விதைச்சுப் பனியில விட்டேன். வேர் தாங்காதுன்னு நாத்த ஒரு தடவைக்கு மேல பிடுங்கி நடல. இதுல எங்கயாவது தப்பு இருக்கா?"

"இல்லீங்க. நாலு நாளா பூத்திருக்குன்னு சொன்னாங்களே?"

"எல்லாரும்தான் சொல்றாங்க! சமையல்கார சோணமுத்து பாத்துட்டான். தண்ணிக்குப் போறவங்க பாத்துட்டாங்க. நான் போய்க் குனிஞ்சு, கண்ணாடியத் துடைச்சு மாட்டுறதுக்குள்ள மூடிக்குது. அரை மணி நேரம் குந்தியிருந்தாலும் திறக்க மாட்டேங்குது."

"மேகம் போட்டா மூடிக்குமாமே?"

"அத உங்களுக்குச் சொன்னதே நான்தானே! இன்னிக்கு வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்கா, பாருங்க!"

இல்லைதான். அவர் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருக்கும்போது வருகிற கோபம் இருக்கிறதே, அது லேசில் ஆறாது.

அப்போது சமையல்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தணிகாசலத்தின் காது சிவந்தது. சிரித்தது அவருடைய மகள் அரசி. நான்கு வருஷம் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவள், மூன்று நாளைக்கு முன்பு தானாகவே மலையேறி வந்திருந்தாள். நாளைக் காலை ஜீப்பில் இறங்கிவிடுவாள்.

"கேக்குதா? சோணமுத்துகிட்ட சிரிக்கிறா. நான் உள்ள கால் வச்சா வாயத் திறக்க மாட்டா."

"என்ன பேசினீங்க?"

"என்ன பேசுவேன்? வேலைய எதுக்கு விட்டா, ஏன் இப்படி இளைச்சுப் போனா, ஒரு சம்பந்தம் வந்திருக்கே அதுக்கு என்ன சொல்றா. இதத்தான் கேட்டேன். பெத்தவன் கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம்."

"தாயில்லாத புள்ளைக்குத் தலை பின்னி விட்டு வளத்தவன் நான். மழையானாலும் வெயிலானாலும் பள்ளிக்கூட வாசல்ல நின்னவன். வந்து மூணு நாளாச்சு. ஆமா, இல்ல, சரிப்பா. வேற ஒரு வார்த்தை இல்ல! நாளைக்கு இறங்கிட்டா அவ இனி வர மாட்டாம்மா. எனக்குத் தெரியும்."

அம்மா கம்பளியைக் கயிற்றில் போட்டார்.

"வாங்க. பூவப் பாக்கலாம்."

பாத்தி ஒரு முறத்தளவுதான் இருக்கும். சரளைக்கு நடுவே மூன்று பூக்கள். தணிகாசலம் தினமும் வருகிற கிழக்குப் பக்கத்திலிருந்து வந்தார். அம்மா சுற்றிப் போய் எதிர்ப் பக்கம் உட்கார்ந்தார். அப்போது மூன்றும் விரிந்துதான் இருந்தன. தணிகாசலம் வழக்கமான இடத்தில் குந்தி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்தார். அதற்குள் மூன்றும் மடித்த குடைபோல முறுக்கிக்கொண்டன.

"பாத்தீங்களா? உங்க கண்ணாலயே பாத்தீங்களா?" தொடையில் ஓங்கி அறைந்தார். "ஊருக்கெல்லாம் பல்லக் காட்டும், வளத்தவனக் கண்டா மூடிக்கும்! இதுக்கு நான் என்ன குறை வச்சேன்? அவளுக்குத்தான் என்ன குறை வச்சேன்? சொல்லுங்கம்மா!"

காலை வெயில் அவர் முதுகில் சுள்ளென்று அடித்தது. அவருடைய நிழல் பாத்தி முழுவதையும் மூடி, அம்மாவின் முழங்கால் வரைக்கும் நீண்டு கிடந்தது.

அம்மா அந்த நிழலைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு குறையும் வைக்கலீங்க," என்றார். "கொஞ்சம் நகருங்க."