மூன்றாம் இடத்தில் கூட்டம்

ஒரே ஏரியை ஆராய ஒரு நிலையம், அதற்குள் மூன்று துறை. கரையில் தாங்கள் ஆராயும் இடங்களுக்கு மீன்துறை மதகிலிருந்து நம்பர் போட்டது, பறவைத்துறை கோயிலிலிருந்து, தண்ணீர்த்துறை பம்ப் ஹவுஸிலிருந்து. மூன்று துறைத் தகவலையும் ஒன்றாகச் சேர்ப்பது உதவியாளர் செண்பகவடிவின் தலையெழுத்து.

"நம்பரை மாத்தச் சொல்லி யாரையும் தொந்தரவு பண்ணாதீங்க, எல்லாம் பெரியவங்க. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள தகவலெல்லாம் ஒண்ணா சேரணும். இல்லன்னா வேற வேலை பாத்துக்குங்க," என்றார் இயக்குநர் ஞானசிகாமணி. அவரும் பழைய மீன்துறைக்காரர்தான்.

மூன்று துறையிலும் கெஞ்சி ஓய்ந்துபோயிருந்தவள் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை காலை எல்லாரையும் ஏரிக்கரை மூன்றாம் இடத்துக்குக் கூட்டத்துக்கு வரச் சொன்னாள்.

பங்குனி வெயிலில் இயக்குநர் மதகிலிருந்து மூன்றாம் இடத்தில் வந்து நின்றார். மீன்துறைத் தலைவர் மட்டும் கூட இருந்தார். மற்ற இருவரும் போனில், "மூணாம் இடத்துலதான் நிக்கிறேன், உங்களைத்தான் காணோம்," என்று எரிந்து விழுந்தார்கள். அதில் ஒருவர் அக்கரையில் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? இப்படி இருந்தா கூட்டத்தை எப்படி நடத்துறது?" என்றார் இயக்குநர்.

வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த செண்பகவடிவு எழுந்திருக்கவில்லை.

"நடத்துங்க சார். நகரச் சொல்லி யாரையும் தொந்தரவு மட்டும் பண்ணாதீங்க, எல்லாம் பெரியவங்க."