உமி நுழையும் சந்து

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது, நண்டுக்கும் வாய் இருந்தது. இரண்டுமே சும்மா இருக்கிற ஜாதி இல்லை. அப்போது வெள்ளூத்துக் கண்மாய்க்குப் புதிதாக ஒரு மடை வைத்தார்கள். தண்ணீரை அடைக்க ஒரு கனத்த பலகை. பலகையைத் தூக்க, அதன் தலையில் ஆள் உயரத்துக்கு ஒரு திருகு. திருகின் கழுத்தில் ஒரு நட்டு, நட்டோடு சேர்ந்து ஒரு கைச்சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் திருகு ஏறும், கூடவே பலகையும் ஏறும், தண்ணீர் பாயும். சங்கதி அவ்வளவுதான்.

திருகு, நட்டு இரண்டையும் செய்தவர் வைரவன் ஆசாரி. வேலையில் கெட்டிக்காரர். அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் இன்னும் கெட்டிக்காரர்.

திருகைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் நட்டு. உள்ளே புரி, அதாவது திருகின் வரி ஓடுகிற பள்ளம், வெட்டும்போது அவள் ஆசாரியிடம் கெஞ்சினாள். "ஆசாரியாரே, எனக்கும் மச்சானுக்கும் நடுவுல காத்துகூடப் போகக் கூடாது. சந்து விட்டீங்கன்னா அவரு என்னைய விட்டுட்டுப் போயிருவாரு."

"நான் வெட்டுன புரியில சந்தா? யாருகிட்ட வந்து சொல்ற!" என்றார் ஆசாரி. திருகு என்ன அளவோ, மயிரிழை பிசகாமல் நட்டுக்கும் அதே அளவை வெட்டினார். எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றி, மடையில் பூட்டினார். ஊரையே கூப்பிட்டு, "ஆட்டிப் பாருங்கப்பா, ஒரு சத்தம் வருதா?" என்று கேட்டார். எல்லாரும் ஆட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. ஆகா, ஓகோ என்றார்கள். ஒருத்தராவது சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமே! பார்க்கவில்லை.

கோடை வந்தது. செம்மண் புழுதி புரியில் போய் உட்கார்ந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. கண்மாய் தளும்பிவிட்டது. நாலாம் நாள் காலையில் கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கரைக்குக் கீழே நாற்பது வீடு.

மடைக்காரி இருளாயி ஓடி வந்து சக்கரத்தைப் பிடித்தாள். அசையவில்லை. ஆறு ஆள் தொங்கிப் பார்த்தார்கள். "ஐயோ, என் இடுப்பு!" என்று திருகு கத்தினானே தவிர, ஒரு நூல் நகரவில்லை.

"ஓய் ஆசாரி!" என்று இருளாயி கத்தினாள். "உம்ம பெருமையைக் கொண்டுபோயி உலையில போடும்! கரை ஒடைஞ்சா மொதல்ல போறது என் வீடு, அடுத்தது உம்ம பட்டறை. பலகையைத் தூக்க வழி சொல்லும்!"

அந்த நேரம் பார்த்து, பொந்தில் தண்ணீர் ஏறி வெளியே வந்த நண்டு ஒன்று மடைக்கல்லில் ஏறி உட்கார்ந்தது. ஆசாரியையும் நட்டையும் பார்த்துச் சிரித்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் புத்தி கித்தி இருக்கா? என் பொந்து என் ஓட்டு அளவுக்கே இருந்தா நான் எப்படித் திரும்புறதாம்? ஒரு துளி அகலமாத்தான் தோண்டுவேன். அதுக்காகப் பொந்து என்னைய விட்டுட்டு ஓடியா போச்சு?"

ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "இது என் தப்புத்தான். நட்டைக் காய்ச்சணும். சூட்டுல விரிஞ்சு கொடுக்கும்."

நட்டு அழுதாள். "சூட்டைத் தாங்கிக்குவேன். சந்து விழுந்தா மச்சான் போயிருவாரே!"

"எங்கே புள்ள போவேன்?" என்றான் திருகு. "மேல போனாலும் உன் வழியாத்தான், கீழ வந்தாலும் உன் வழியாத்தான். நீ கொஞ்சம் விட்டுக்கொடுத்தாத்தானே நான் அசையவே முடியும்?"

நட்டு கீழே பார்த்தாள். நாற்பது கூரையிலும் காலைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காய்ச்சுங்க" என்றாள்.

ஓலைத் தடுக்கை மேலே பிடித்துக்கொண்டு, சட்டி நிறைய உலைக்கரி கொண்டுவந்து நட்டைச் சுற்றி வைத்து ஊதினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சூடேறியதும் ஆசாரி புரியில் வேப்பெண்ணெயை ஊற்றினார். ஆறு பேரும் சக்கரத்தில் தொங்கினார்கள். கிரீச்! சக்கரம் சுற்றியது. பலகை ஏறியது, தண்ணீர் ஓவென்று வாய்க்காலில் பாய்ந்தது. கரை தப்பித்தது. இருளாயி சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

மழை விட்ட பிறகு ஆசாரி நட்டைக் கழற்றி, திருகின் புரிக்கும் நட்டின் புரிக்கும் நடுவில் ஒரு நெல் உமி நுழைகிற அளவுக்கு அகட்டினார். கேள்விப்பட்டு ஏழு ஊர் ஆசாரிகள் வந்தார்கள். இனி எந்த ஊரில் வெட்டினாலும் திருகுக்கு இந்த அளவு, நட்டுக்கு அதைவிட ஓர் உமி கூடுதல், எந்த ஊர் நட்டும் எந்த ஊர்த் திருகிலும் ஏற வேண்டும் என்று பேசி, அளவை மடைக்கல்லில் வெட்டி வைத்தார்கள்.

நட்டை மறுபடியும் பூட்டி, பலகையை இறக்கி அடைத்துவிட்டு, திறந்து பார்க்கச் சக்கரத்தை மறுபக்கம் சுற்றினாள் இருளாயி. கொஞ்ச தூரம் சக்கரம் வெறுமனே ஓடியது. நட்டு பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"மச்சான், இருக்கீங்களா?"

டக்!

"இருக்கேன் புள்ள."

அன்று தொட்டுத்தான், ஒன்றை நகர்த்துவதற்கென்று வைத்த திருகு எதுவானாலும், திசை மாற்றிச் சுற்றினால் முதலில் கொஞ்சம் சும்மா ஓடுகிறது, அப்புறம்தான் டக்கென்று பிடிக்கிறது. கைப்பிடியைப் பிடித்திருக்கிற ஆளும் அந்த டக் கேட்கும்வரை பொறுத்திருந்துதான் வேலையை ஆரம்பிக்கிறார். நட்டு இன்னும் அப்படிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், அவனும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.