நிறுத்தக் கற்க வந்தவர்

தென்காசிப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு, நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் வந்தார்.

“எல்லாரும் ஓட்டணும்னுதான வருவாங்க” என்றார் மாஸ்டர்.

“ஓட்டத் தெரியும். நிறுத்தத்தான் வரல.”

வந்தவர் பெயர் குற்றாலலிங்கம். வயது நாற்பத்தெட்டு. மாஸ்டருக்கு முப்பத்து மூன்று. அவர் பெயர் செண்பகவல்லி. ஆனால் கார் கற்றுக்கொடுப்பவர் யாரானாலும் அந்த ஊரில் மாஸ்டர்தான்.

லிங்கம் இருபத்தொரு வருடம் வெளிநாட்டில் இருந்தவர். அங்கே ஓட்டியதெல்லாம் கிளட்ச் இல்லாத வண்டி.

“அப்போ இடதுகாலுக்கு இருபத்தொரு வருசம் லீவு.”

“ஆமா.”

“இப்ப எதுக்கு அதை வேலைக்குக் கூப்பிடுதீங்க?”

லிங்கம் சொன்னார். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போக வேண்டும். வழியில் ஒரு ரயில்வே கேட், பதினோரு வேகத்தடை. போன வருடம் முதுகெலும்பில் விரிசல் விட்டிருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் உயிர் போகிற மாதிரி கத்துவார். வீட்டில் இருப்பது அவருடைய பழைய கியர் வண்டி. அதை ஓட்டுவது தம்பி கோமதிநாயகம்.

“தம்பி இருக்காருல்லா. பிறகென்ன?”

“அப்பாவைப் பார்த்துக்கிடத்தான் எல்லாத்தையும் முடிச்சுட்டுத் திரும்பி வந்தேன் மாஸ்டர். ஒருநாள் நானும் எடுத்தேன். முதல் வேகத்தடையிலேயே, ‘ஏல, எறங்கு. சின்னவன வரச்சொல்லு’ன்னுட்டாரு. நடுரோட்டுல.”

“தம்பி சிரிச்சாரா?”

“சிரிச்சிருந்தா ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். பேசாம முன்னால வந்து உக்காந்து வண்டியை எடுத்தான். கொஞ்ச நேரத்துல அப்பா தூங்கிட்டாரு. ராத்திரி வீட்டுல தூங்காத மனுசன், அவன் வண்டியில தூங்குதாரு.”

“உங்களுக்கு என்ன வேணும்?”

“ஒரே ஒரு நாள் என் வண்டியில தூங்கணும். அவ்வளவுதான்.”

மாஸ்டர் சாவியை நீட்டினார்.

பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அவர் கால்களைத் தள்ளி வைத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே, ஆளில்லாத சாலையில் லிங்கம் ஓட்டினார். நன்றாகத்தான் ஓட்டினார்.

“அந்தப் பால் பூத்துக்கிட்ட நிறுத்துங்க.”

நிறுத்தினார். மாஸ்டரின் தலை முன்னால் போய்க் குனிந்து நிமிர்ந்தது.

“வணக்கம்” என்றார் மாஸ்டர்.

“யாருக்கு?”

“உங்க பிரேக்குக்கு. கும்பிட வச்சிட்டுல்லா.”

அன்றைக்கு முப்பத்தொரு வணக்கம். ஒவ்வொன்றையும் மாஸ்டர் மரியாதையாகச் சொன்னார். கடைசி வணக்கத்தில் லிங்கத்துக்குக் காது சிவந்துவிட்டது.

“நிறுத்தணும்னதும் முதல்ல எதை மிதிக்கீங்க, அண்ணாச்சி?”

“கிளட்சை.”

“ஏன்?”

“இல்லன்னா வண்டி ஆஃப் ஆயிருமே.”

“ஆஃப் ஆனா என்ன?”

“பின்னால நிக்கவன் ஹாரன் அடிப்பான்.”

“இங்க பின்னால யாரு இருக்கா?”

லிங்கம் கண்ணாடியைப் பார்த்தார். வெறும் ரோடுதான் தெரிந்தது.

மாஸ்டர் சொன்னார்: “கிளட்சை மிதிச்சா இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீங்க முதல்லயே பேச்சை முறிச்சிடுதீங்க. பிறகு அது தன் போக்குல உருண்டு வருது. அதைப் பிரேக்கால அடிச்சு உக்கார வைக்கீங்க. பேச்சு இருந்தா இஞ்சினே பாதி இழுத்துப் பிடிச்சிருக்கும்.”

“அப்போ கிளட்சு எப்ப?”

“இதுக்கு மேல முடியாதுன்னு வண்டியே முனகும். அப்ப.”

அதைக் கேட்கப் பழக லிங்கத்துக்கு ஒன்பது நாள் ஆனது. முதலில் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தார். பிறகு மெல்லப் பிரேக். மூன்றாவது கியர் இரண்டாவது ஆனது. இஞ்சின் அடித்தொண்டையில் முனகியபோது கிளட்ச். வண்டி இப்போது குதிக்கவில்லை. ஆனாலும் நிற்கும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு சின்ன வெட்டு இருந்தது.

“அரை வணக்கம்” என்றார் மாஸ்டர்.

“தம்பி எப்படி மாஸ்டர் நிறுத்துதான்?”

“என்கிட்டக் கேக்கீங்க? அவர் வண்டியில ஏறிப் பார்க்கலையா?”

“அன்னைக்குப் பிறகு அவன் ஓட்டுனா நான் ஏறுததில்ல. பஸ்ல போயிருவேன்.”

“அப்பா கார்ல, நீங்க பஸ்ல?”

“பின்னாலயே போவேன்.”

“நாளைக்கு ஏறுங்க” என்றார் மாஸ்டர்.

மறுநாள் லிங்கம் அப்பாவோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். தம்பி கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். வண்டியை எடுத்தான். மூன்றாவது வேகத்தடைக்குள் அப்பாவின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. அப்பாவின் தலை அசையவில்லை. லிங்கம் எட்டி எட்டித் தம்பியின் காலைப் பார்க்க முயன்றார். பாதி வழியில் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த நாள் பயிற்சி வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டார்.

“என்ன அண்ணாச்சி, கோயிலா?”

“வெறுங்காலு மாஸ்டர். அதான் அவன் ரகசியம். பார்த்துட்டேன்.”

பால் பூத் வந்தது.

“வணக்கம்” என்றார் மாஸ்டர்.

லிங்கம் ஸ்டியரிங்கைக் குத்தினார். “அவனுக்குப் பொறவியிலேயே வந்தது. சைக்கிளும் அப்படித்தான். நான் முட்டியெல்லாம் பேத்துக்கிட்டுக் கத்துக்கிட்டேன். அவன் ஏறுனான், போனான். அப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டுனாரு.”

“எப்ப?”

“எனக்குப் பன்னெண்டு வயசு. அவனுக்கு எட்டு.”

“நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.”

வண்டி மறுபடி கிளம்பியதும் மாஸ்டர் சொன்னார்: “பதினாறு மாசத்துக்கு முன்னால இந்த சீட்டுல ஒருத்தர் வந்து உக்காந்தாரு. இருவது வருசமா வண்டி ஓட்டுதவரு. அப்பாவுக்கு முதுகு சரியில்ல, நிறுத்த மட்டும் கத்துக்கொடுங்கன்னாரு.”

லிங்கம் திரும்பிப் பார்த்தார்.

“நாயகமா?”

“அவருக்கும் வணக்கம் சொல்லித்தான் அனுப்புனேன்.”

“என்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“கேட்டீங்களா?”

லிங்கம் கியரை மாற்றினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அவனுக்கு எத்தனை நாளாச்சு?”

“முப்பத்தெட்டு.”

“எனக்கு இன்னைக்கு?”

“பத்தொம்பது.”

லிங்கத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை மறைக்க வெளியே பார்த்தார். பார்த்த வேகத்தில் குறுக்கே வந்த ஆட்டைக் கவனிக்கவில்லை. பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி துள்ளி ஆஃப் ஆகி நின்றது. ஆடு நிதானமாகக் கடந்து போனது.

மாஸ்டர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார்.

“பெரிய வணக்கம்.”

லிங்கம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கும் சொல்லிக்கொடுங்க மாஸ்டர். ஒளிக்காதீங்க.”

மாஸ்டர் இறங்கினார். “பின்னால போங்க.”

லிங்கம் பின்சீட்டுக்குப் போனார். மாஸ்டர் அவருடைய கைக்குட்டையை வாங்கி, அதனாலேயே அவர் கண்ணைக் கட்டினார். பிறகு ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்தார்.

“நான் ஓட்டுதேன். வண்டி நின்னதும் சொல்லுங்க.”

வண்டி கிளம்பியது. வேகம் எடுத்தது. பிறகு வேகம் குறைவது தெரிந்தது. லிங்கம் முதுகை விறைத்துக்கொண்டு அந்த வெட்டுக்காகக் காத்திருந்தார்.

“நின்னுட்டு” என்றார்.

“ஓடிக்கிட்டிருக்கு, அண்ணாச்சி.”

மறுபடி காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு கடந்தது. யாரோ, “என்ன மாஸ்டர், ஆள் கடத்தலா?” என்று பக்கத்திலிருந்து கேட்டார்.

லிங்கம் கைக்குட்டையை அவிழ்த்தார். வண்டி டீக்கடை முன்னால் நின்றிருந்தது. மாஸ்டர் கையில் டீ இருந்தது. பாதி குடித்திருந்தார்.

“கடைசியில என்ன பண்ணுனீங்க?”

“விட்டேன்.”

“எதை?”

“பிடிச்சுக்கிட்டிருந்த பிரேக்கை.”

“நிக்கதுக்கு முன்னாலயா? விட்டா வண்டி ஓடிராதா?”

“முழுசா விடக் கூடாது. கொஞ்சமா. ஒரு சாண் கூட ஓடும்” என்றார் மாஸ்டர். “ஓடட்டும்.”

லிங்கம் அன்று முழுக்க அந்த ஒரு சாணைப் பழகினார். பலமுறை பிரேக்கை விடப் போய், பயந்து, மறுபடி அழுத்தினார். மாலையில் ஒருமுறை, பால் பூத்தைத் தாண்டி ஒரு சாண் போய் வண்டி நின்றது. லிங்கம் காத்திருந்தார். மாஸ்டர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வணக்கம் வரவில்லை.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தார்கள். அந்த நேரத்தில் அவருக்குக் கண் திறக்காது. பின்சீட்டில் தலையணை வைத்துப் படுக்கவைத்தார்கள். நாயகம் சாவியை எடுத்தான்.

“நாயகம்.”

ஊர் திரும்பிய இரண்டு மாதத்தில் அண்ணன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல்முறை. நாயகம் நின்றான்.

“நான் எடுக்கட்டுமா?”

நாயகம் அண்ணனைப் பார்த்தான். பின்சீட்டைப் பார்த்தான். சாவியைக் கொடுத்தான்.

“கேட்டுக்கு முன்னால இடதுபக்கம் ஒரு பள்ளம் கெடக்கு, அண்ணே. வலது ஒதுங்கிக்கோ.”

“சரி.”

“நாலாவது வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு கிடையாது. வேப்பமரந்தான் அடையாளம்.”

“சரில.”

நாயகம் முன்னால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இரண்டாவது வேகத்தடை தாண்டியதும் கையை எடுத்தான். வேப்பமரம் வருவதற்குள் அவன் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. லேசான குறட்டை கேட்டது. பதினாறு மாதமாக அந்த வழியில் அவன் தூங்கியதில்லை என்பது லிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. லிங்கம் பள்ளத்துக்கு வலதுபுறம் ஒதுங்கினார். வண்டி முனகும்வரை பொறுத்தார். கடைசியில் விட்டார். முன்னால் நின்ற லாரியை நோக்கி ஒரு சாண் போய், வண்டி நின்றது.

இரண்டு தலைகளும் அசையவில்லை.

ரயில் தூரத்தில் சத்தம் கொடுத்தது. பின்சீட்டிலிருந்து அப்பா கண் திறக்காமல் கேட்டார்:

“நாயகம், கேட்டு தொறந்தாச்சா?”

திங்கட்கிழமை லிங்கம் கடைசிப் பயிற்சிக்கு வந்தார். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைத் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்துப் பிரேக்கும் கிளட்சும் கேட்பாரற்றுக் கிடந்தன. லிங்கம் ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

“தம்பின்னு நினைச்சுட்டாரா?”

“ஆமா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘இன்னும் தொறக்கலப்பா’ன்னேன்.”

“வேற?”

“‘நான் பெரியவம்பா’ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா முழிச்சிருவாரு.”

“முழிக்கலையா?”

“வீடு வர்ற வரைக்கும் முழிக்கல. வீட்டுல எறக்குனது தம்பி. அவன்கிட்ட, ‘இன்னைக்கு ரொம்ப நல்லா ஓட்டுனல’ன்னாரு.”

“தம்பி என்ன சொன்னாரு?”

“‘அண்ணன்லா ஓட்டுனான்’னு சொல்லத்தான் வாயத் தொறந்தான். நான் வேண்டாம்னு தலையை ஆட்டிட்டேன். ஏன் ஆட்டுனேன்னு தெரியல. சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.”

வண்டி பால் பூத் பக்கத்தில் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. பூத்துக்காரர் இறங்கப் போகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மாஸ்டர் கேட்டார்: “நின்னுட்டா, அண்ணாச்சி?”

லிங்கம் யோசித்தார்.

“இல்ல மாஸ்டர். இன்னும் ஒரு சாண் ஓடுது.”

“ஓடட்டும்” என்றார் மாஸ்டர்.