திரும்பி நடக்காதவன்

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாதவைகூட வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. ஓர் உயிரணுவுக்குள் வேணி, பூரணி என்று அக்காள் தங்கையாக இரண்டு இழைகள் இருந்தார்கள். அக்காளின் தலைமாட்டில் தங்கை கால் நீட்டி, ஒருவரையொருவர் பின்னிக்கொண்டு படுத்திருப்பார்கள். பிரித்துப் போட்டால் இரண்டு பேருக்கும் தூக்கம் வராது.

அவர்கள் மேல் நடப்பவன் நடையன். சோறு தண்ணீர் இல்லாமலே நடப்பான். முன்னே நடந்தால் பின்னல் அவிழும். பின்னே நடந்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

ஒருநாள் உயிரணுத் தாய்க்குப் பிரசவ வலி கண்டது. அவள் பெறுவது என்றால் தானே இரண்டாகப் பிரிவதுதான். குழந்தையோடு ஓர் இழை போயாக வேண்டும், இல்லாவிட்டால் அது பிழைக்காது.

"நடையா, கடைசிவரைக்கும் அவிழ்த்துடு. நடுவுல திரும்பிடாதே," என்றாள் தாய்.

அவிழ்த்துக்கொண்டே போனான். பாதி வழியில் பூரணி அழுதாள்.

"அண்ணே, அக்காவை ஒரே ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக்கறேன். அப்புறம் பிரிச்சுக்கோங்க."

நடையன் இளகிய மனசுக்காரன். அதுதான் வினையாகப் போயிற்று. திரும்பி நடந்தான், இழைகள் சேர்ந்துகொண்டார்கள். பிரசவம் யாருக்காகவாவது காத்திருக்குமா? வெறும் கூடாகப் பிறந்த குழந்தை பிறந்தவுடனே அடங்கிவிட்டது.

தாய் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிடி தானியத்தை அவனிடம் நீட்டினாள்.

"என் உடம்புச் சூடெல்லாம் இதுலதான் இருக்கு. இனிமே உன் மனசு உன் காலை நடத்த வேணாம், இது நடத்தட்டும். ஒண்ணைக் கடிச்சா ஒரு அடி. கடிச்சதை நீ ஒட்ட வைக்க முடியாது, வச்ச அடியையும் திருப்ப முடியாது."

அடுத்த பிரசவத்திலும் பூரணி அழத்தான் செய்தாள். நடையனும் அழுதான். அழுதுகொண்டே கடித்தான், கால் முன்னால்தான் போயிற்று. பூரணி குழந்தையோடு போனாள். குழந்தை பிழைத்தது.

தனியாகக் கிடந்த வேணியின் பக்கத்தில் ஒரு புது இழை வளர்ந்தது. அச்சு அசல் பூரணி. வேணி ஆசையாக, "பூரணி, வந்துட்டியா?" என்றாள்.

"என்னையா கூப்பிட்டீங்க? நீங்க யாரு?" என்றது அது.

அன்று முதல்தான் டி.என்.ஏ. இழைமேல் நடந்து அதை அவிழ்க்கிறவன், உயிரணுவுக்குச் சக்தி கொடுக்கும் ஏ.டி.பி. என்ற அந்தத் தானியத்தை அடிக்கு அடி கடித்துக்கொண்டு திரும்பாமல் நடக்கிறான். நம் உடம்புக்குள் பிரிந்த ஒவ்வோர் இழையும், பிரிந்துபோனவளின் முகத்தோடு வந்த யாரோ ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது.