கணுக்காலில் கட்டிய கயிறு

இந்தக் கதையை முதன்முதலில் சொன்னவர் தவளக்குப்பம் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செங்கமலத்தம்மாள். அவருக்குப் பின் சொன்னவர்கள் முடிவைத் தத்தம் விருப்பம்போல் மாற்றிக்கொண்டார்கள். இங்கே இருப்பது அவர் சொன்ன முடிவு.

புதுச்சேரியில் டெல்பின் என்றொரு குரு இருந்தார். அவர் கற்பித்தது வேதமும் அன்று, வீணையும் அன்று. நீரின்மேல் பலகையை இட்டு, அதன்மேல் நின்றபடியே துடுப்புப் போட்டுச் செல்லும் வித்தை. அதைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஏறி நின்று பார்த்தவர்கள் சிரிக்கவில்லை, விழுந்தார்கள்.

வந்து சேருகிறவர்கள் எல்லாரும், "ஊரைச் சுத்தி இதுக்கு நல்ல இடம் எது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். டெல்பின் சொல்லமாட்டார். ஒருவருக்கு ஒரு நீர் என்பது அவர் வழக்கம். அந்த நீர் போதும் என்று டெல்பினே சொல்லும்வரை அடுத்த இடத்தின் பெயரைக்கூட அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. சிலருக்குச் சுண்ணாம்பாற்றின் அசையாத நீர். சிலருக்கு அரியாங்குப்பத்தில் அலையாத்திச் செடிகளின் ஊடே வளையும் கால்வாய். இன்னும் சிலருக்கு, விடியலில் காற்று எழும்புமுன் கண்ணாடிபோல் கிடக்கும் வீராம்பட்டினத்துக் கடல். எல்லாவற்றுக்கும் கடைசி, வடக்கே மரக்காணத்துப் பக்கம் உள்ள கழிமுகம். அங்கே ஏரியின் நீர் கடலைத் தேடி ஓடும்.

அந்தக் கழிமுகத்தில் இந்த வித்தையைக் கற்பிக்க டெல்பின் புதிதாக ஒரு துறை தொடங்கவிருந்தார். அதைப் பொறுப்பேற்று நடத்தத் தம் சீடர்களில் ஒருவரை அமர்த்துவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஒருவர் தாமே என்று கோமளவல்லி முடிவுகட்டிவிட்டார். சீடர்களில் அவரே மூத்தவர். வயதில் குருவுக்கும் மூத்தவர். பல ஆண்டுகள் நடத்திய ரவிக்கைத் தையற்கடையைத் தங்கையின் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தவர். துறை தமக்குத்தான் என்று தங்கையிடம் சொன்னார். சொல்லக்கூடாத நாத்தனாரிடமும் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பிரமிளா வந்து சேர்ந்தாள்.

அவள் சுண்ணாம்பாற்றில் இறங்கினாள். போதும் என்றார் டெல்பின். அரியாங்குப்பம் போனாள், போதும் என்றார். அவள் வீராம்பட்டினத்துக் கடலில் நின்றபோது, கோமளவல்லி சுண்ணாம்பாற்றிலேயே நின்றுகொண்டிருந்தார். இரவில் உணவு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பிரமிளாவின் பலகை முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் குருவிடம் போனார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க கோமளம்மா."

"நல்ல இடமெல்லாம் அவளுக்கு. எனக்கு மட்டும் ஏன் இந்தக் குட்டை?"

"சுண்ணாம்பாறு குட்டையா?"

"ஓடாத தண்ணி குட்டைதானே."

டெல்பின் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"சரி. அவ போற இடத்துக்கெல்லாம் நீங்களும் போயிட்டு வாங்க. எது நல்ல இடம்னு வந்து எனக்குச் சொல்லுங்க."

கோமளவல்லி போனார். பிரமிளா போன இடத்துக்கெல்லாம் போனார். அவள் போன நேரத்திலேயே போனார். திரும்பி வந்து குருவின் முன் நின்றார்.

"அரியாங்குப்பம் எப்படி இருந்துச்சு?"

"வளைவுல திரும்பறப்ப அவ வலது காலைப் பின்னாடி வைக்கிறா டீச்சர். நீங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி இல்லையே?"

"தண்ணி எப்படி?"

கோமளவல்லி யோசித்தார்.

"தண்ணி... இருந்துச்சு."

"வீராம்பட்டினம்?"

"இடது தோள் அவளுக்கு அரை விரல் இறக்கம். அதனால அந்தப் பக்கமே துடுப்பை அதிகம் போடறா. நான் அவளுக்கு ரவிக்கை தைச்சா அந்தத் தோளைத் தனியாத்தான் வெட்டணும்."

"நான் கடலைக் கேட்டேன்."

"கடலா? உப்புக் கரிச்சுது."

"விழுந்தீங்களா?"

"அவ திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. அதுலதான் விழுந்தேன்."

"சிரிச்சாளா?"

"சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

டெல்பின் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கழிமுகத்துக்கு வாங்க. துறை யாருக்குன்னு அன்னிக்குச் சொல்லிடறேன்."

ஞாயிறன்று விடிந்தபோது கழிமுகத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி முழுவதும் ஒரே வாய் வழியாகக் கடலுக்குப் போக முண்டியதுபோல் இருந்தது. நடுவில் மீனவர்கள் வலை கட்ட நட்ட மூங்கில் முளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு முளையின் அடியிலும் நீர் சுழித்தது.

பலகை கைவிட்டுப் போகாமலிருக்க, ஏறுகிறவர் அதைக் கயிற்றால் தம்மோடு பிணைத்துக்கொள்ள வேண்டும். அசையாத நீரிலும் கடலிலும் அந்தக் கயிற்றைக் கணுக்காலில் கட்டுவார்கள். ஓடும் நீரில் அப்படிக் கட்டக்கூடாது. கயிறு ஏதாவதொரு முளையில் சிக்கினால், நீரின் வேகம் ஆளைக் கீழே அழுத்தும். குனிந்து கணுக்காலைத் தொட விடாது. ஆகவே அங்கே கயிற்றை இடுப்புப் பட்டையில் மாட்டுவார்கள். பட்டையில் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும்; இழுத்தால் கயிறு கழன்றுவிடும். இதை டெல்பின் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

கோமளவல்லி இடுப்பில் மாட்டினார். பிரமிளா, கடலில் பழகிய கையோடு, கணுக்காலில் கட்டினாள்.

கோமளவல்லி அதைப் பார்த்தார்.

டெல்பின் பிரமிளாவின் மிதவைச் சட்டையை இழுத்துப் பார்த்தார். துடுப்பின் உயரத்தைச் சரிபார்த்தார். "போகலாம்" என்றார்.

கோமளவல்லியின் வாய் திறந்தது.

"என்னக்கா முகம் ஒரு மாதிரி இருக்கு? ராத்திரி தூங்கலையா?" என்றாள் பிரமிளா.

"ஒண்ணுமில்ல."

வாய் மூடிக்கொண்டது. விழட்டும் என்று நினைத்தார் கோமளவல்லி. ஒரே ஒரு தடவை விழட்டும். டீச்சரின் கண்முன்னே விழட்டும். அதற்குமேல் தாம் எதையும் வேண்டவில்லை என்று அவரே பிறகு சொல்லிக்கொண்டார்.

இரண்டு பலகைகளும் நீரில் இறங்கின. பிரமிளா அழகாகப் போனாள். அவள் தோளை விட்டு, இடுப்பை விட்டு, அந்தக் கணுக்காலை விட்டுக் கோமளவல்லியின் கண் நகரவில்லை. முளைகள் நெருங்கின. இடப்பக்கமே துடுப்புப் போட்டுப் பழகிய பிரமிளாவுக்கு இப்போது வலப்பக்கம் போட வேண்டியிருந்தது. துடுப்பைக் கை மாற்றினாள். இறங்கிய தோள் தடுமாறியது.

அவள் விழுவதற்கு முன்பே கோமளவல்லி தம் பலகையைத் திருப்பிவிட்டார்.

பிரமிளாவின் பலகை முளைக்கு ஒருபுறம் போயிற்று. அவள் மறுபுறம் விழுந்தாள். நடுவில் கயிறு முளையைச் சுற்றி இறுகியது. அவள் முளையைப் பற்றிக்கொண்டு, "அக்கா!" என்றாள். அடுத்த நொடி தலை நீருக்குள் போய்விட்டது.

கோமளவல்லி பாய்ந்து முளையை ஒரு கையால் அணைத்தார். அவருடைய பலகை ஓட்டத்தில் அவரை இழுத்தது. சிவப்புக் குமிழை இழுத்து அதைப் போகவிட்டார். தலையை நீருக்குள் முக்கி, மறுகையால் பிரமிளாவின் காலைத் தடவிக்கொண்டே கீழே போனார். கணுக்கால் அகப்பட்டது. அதில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பற்றியபடி நீரோடு போய், மணல்திட்டில் ஒதுங்கினார்கள்.

டெல்பின் ஓடிவந்தபோது பிரமிளா நீரை உமிழ்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்க மட்டும் இல்லன்னா அக்கா..." என்றாள். மேலே பேச முடியாமல் இருமினாள்.

பிரமிளாவுக்குத் துண்டைப் போர்த்தி, சற்றுத் தள்ளி வெயிலில் உட்காரவைத்துவிட்டு, டெல்பின் திரும்பி வந்தார்.

"எப்பப் பார்த்தீங்க கோமளம்மா?"

"விழுந்தப்ப."

"விழுந்தப்ப நானும்தான் பார்த்தேன். நீங்க அதுக்கு முன்னாடியே பலகையைத் திருப்பிட்டீங்க."

கோமளவல்லி ஈர மணலைப் பார்த்தார்.

"கரையிலயே பார்த்தேன் டீச்சர்."

"கயித்தையா?"

"கயித்தைத்தான்."

"ஏன் சொல்லல?"

"துறை அவளுக்குப் போயிடும்னு."

கோமளவல்லியே தொடர்ந்து பேசினார்.

"தங்கச்சிகிட்ட கடையைத் திருப்பி வாங்கிக்கிறேன். நாளையிலிருந்து வரமாட்டேன். துறையை அவகிட்டயே கொடுத்துடுங்க. அவளுக்குத் தகுதி இருக்கு. அதைச் சொல்லவும் எனக்கு வாய் எரியுது."

"கரையில நானும் அவ பக்கத்துலதான் நின்னேன்" என்றார் டெல்பின். "சட்டையைப் பார்த்தேன். துடுப்பைப் பார்த்தேன். 'போகலாம்'னு சொன்னது நான். கயிறு என் கண்ணுல படல."

கோமளவல்லி நிமிர்ந்தார்.

"இங்க வர்றவங்களை உங்களை மாதிரி பார்க்கத் தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும். துறை உங்களுக்குத்தான். ஆனா இப்ப எங்கிட்டச் சொன்னதை முதல்ல அவகிட்டச் சொல்லிட்டு வாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கோமளவல்லி பிரமிளா இருந்த பக்கம் பார்த்தார். துண்டுக்குள் ஒடுங்கி, அவள் இவரைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினாள். சிரித்தாள். இந்தமுறை அது சிரிப்புத்தான்.

"அவ மன்னிக்கலன்னா டீச்சர்?"

"மன்னிக்கலன்னா ரொம்ப நல்லது கோமளம்மா. தினமும் தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி, நீங்க அவளைப் பார்த்த மாதிரியே, உங்க கயித்தைப் பார்க்க ஒரு ஆள் ஆச்சு."